ஒரு கேள்வியும் கேட்காத பென்டிரைவ்

என் அப்பா இதுவரை என்னைப் பார்த்து "சபாஷ்" என்று சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், பின்னால் வருவதெல்லாம் ஏதோ கம்ப்யூட்டர் விவகாரம் என்று நினைத்துவிடுவீர்கள்.

அப்பா கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நீளமான ஒரே அறை. சுவரோரம் மேசை, மேசை முழுக்க வயிறு திறந்து கிடக்கும் பெட்டிகள், கழற்றிய ஸ்குரூக்களைப் போட்டு வைக்கும் பாட்டில் மூடிகள், தூசி ஊதுகிற புளோயர். ஆளுக்கு ஒரு வேலை. உடைந்ததை அப்பா சரிசெய்வார். உள்ளே குழம்பிப்போனதை நான் துடைத்தெடுத்துவிட்டுப் புதிதாக ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவேன். கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போன பிறகும் நான்தான். முதுகு சாய்க்க வழியில்லாத அந்த ஸ்டூலும் என்னுடையதுதான்.

சிஸ்டம் போடுவது பொறுமையைச் சோதிக்கிற வேலை. பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி அது கேட்டுக்கொண்டே இருக்கும். எந்த மொழி, எந்த நாடு, எந்த கீபோர்டு, பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன, நீ எங்கே இருக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியலாமா? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். எழுந்து போனால் அதுவும் அப்படியே நின்றுவிடும். முடிந்த பிறகு, யாரும் கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும் விளம்பரங்களையும் விளையாட்டுகளையும் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். இத்தனையும் முடித்து நிமிர்ந்தால் அப்பா சொல்வார்: "இன்னுமா முடியல? அங்க என்ன தவமா பண்ற?"

இந்த லட்சணத்தில்தான் தம்பிக்குக் கல்யாணமாயிற்று. அவன் பொண்டாட்டி, வீட்டில் சும்மா இருக்கப் போரடிக்கிறது என்று ஒருநாள் கடைக்கு வந்தாள். கழுத்தில் சிவப்புக் கயிறு, கயிற்றில் ஒரு பென்டிரைவ். அன்றைக்கு வந்த ஒரு லேப்டாப்பில் அதைச் செருகினாள், ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினாள், சாப்பிடப் போய்விட்டாள். கை கழுவிவிட்டு அவள் திரும்பி வந்தபோது லேப்டாப் பளபளவென்று தயாராக இருந்தது. விளம்பரம் இல்லை, விளையாட்டு இல்லை, சவுண்டு வேலை செய்கிறது, பிரிண்டர் வேலை செய்கிறது.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பிறகு சொன்னார்: "சபாஷ்மா! சமத்து!"

எனக்குக் காதில் புகை வந்தது. இத்தனை வருஷம் நான் அந்த ஸ்டூலில் தேய்ந்திருக்கிறேன். இவள் சோறு தின்று எழுந்து வந்ததற்கு சபாஷ்.

அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே சமத்துதான். மறுநாள் அப்பா வீட்டிலிருந்து முதுகு சாய்க்கிற நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து அவளுக்குப் போட்டார். அதற்கடுத்த நாள் டேபிள் ஃபேன் அவள் பக்கம் திரும்பியது. "வாம்மா", "உட்காரும்மா", "களைப்பா இருந்தா போய்ப் படும்மா". எனக்கு அதே பழைய "ஏய், கழுதை, அந்த ஸ்குரூடிரைவரை எடு".

அவளிடம் மந்திரம் ஒன்றும் இல்லை. எல்லாம் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக விட்டிருக்கும் டூல்கள். ஒன்று, சிஸ்டத்தைப் போடுவதற்கு முன்பே அதைப் பிரித்து வேண்டாததையெல்லாம் வெளியே எடுக்கும். இன்னொன்று, அது கேட்கப்போகிற கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி வைத்துவிடும். மற்றொன்று, இதையெல்லாம் பென்டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டர் அதிலிருந்தே எழுந்து நிற்கும்படி செய்யும். எதற்கும் காசு இல்லை. எனக்குத் தெரியாமல் போனதற்கும் காரணம் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

ஒருநாள் ஏதோ சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "ஒரு கேள்விகூடக் கேக்காதா உன்னோடது?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கும் அண்ணி. 'இந்த டிஸ்க்கை அழிக்கட்டுமா'ன்னு. அதை மட்டும் நான் எடுக்கல. பயமா இருக்கு."

பயமாம். எனக்கு உள்ளுக்குள் ஒரு குதி. சமத்துக்கும் ஒரு குறை இருக்கிறது!

"அப்புறம், மாமாவோட டிரைவர் எல்லாத்தையும் இதுலயே சேர்த்துட்டேன்" என்று கழுத்துக் கயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

அந்த டிரைவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிண்டரும் ஸ்கேனரும் கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமானால் நடுவில் ஒரு சின்ன மென்பொருள் வேண்டும், அதுதான் டிரைவர். கம்பெனிகள் பழசையெல்லாம் கைகழுவிவிட்டன, இணையத்தில் தேடினாலும் கிடைக்காது. அப்பா கடை திறந்த நாளிலிருந்து அவற்றைச் சேர்த்துத் தன் மெஷினில் ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தார். "இந்தப் பிரிண்டர் எங்கேயும் ஓட மாட்டேங்குது" என்று எங்கெங்கிருந்தோ தூக்கி வருவார்கள். அப்பா அந்த ஃபோல்டரைத் திறப்பார், பிரிண்டர் ஓடும். அப்பாவின் கௌரவம் முழுக்க அதற்குள்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் வைக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர், தன்னுடையதற்கு ஒன்றுகூட வைத்ததில்லை.

அதை அவள் அள்ளித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். நான் அவர் பெற்ற மகள், எனக்கு அது தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலமே வீட்டில் அந்த டூல்களை இறக்கினேன். அவள் எடுத்ததையெல்லாம் எடுத்தேன். அவள் விட்டுவைத்ததையும் எடுத்தேன். திரை ஓரத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரும் வானிலை போயிற்று, வரவேற்பு இசை போயிற்று, பூதக்கண்ணாடி போயிற்று. ஒவ்வொரு டிக்கையும் எடுக்கும்போது அவள் நாற்காலியின் ஒரு காலைக் கழற்றுகிற மாதிரி சுகமாக இருந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, வேலையை வீட்டுக்கே கொண்டு வந்துட்டியா?"

"புதுசா ஒண்ணு கத்துக்கறேன்."

"முகத்தைப் பார்த்தா கத்துக்கற மாதிரி தெரியல. யாரையோ கறுவற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு மாதமும் பேப்பரில் தலையைப் புதைத்திருக்கிற மனுஷன், இதில் மட்டும் கண் கூர்மை.

கடைசியில் அந்த ஒரு கேள்வி வந்து நின்றது. இந்த டிஸ்க்கை அழிக்கட்டுமா? அவளுக்குப் பயம். எனக்கென்ன பயம்? அதையும் எடுத்தேன். "தொடங்க ஒரு பொத்தானை அழுத்தவும்" என்று ஆரம்பத்தில் ஒரு வரி வரும். அதையும் எடுத்தேன். செருகி சுவிட்சைப் போட்டால் போதும், வாயைத் திறக்காமல் வேலையை முடிக்கும். வீட்டிலிருந்த ஓட்டை மெஷினில் போட்டுப் பார்த்தேன். அவளுடையதைவிட சீக்கிரமாகவே முடிந்தது. சமையலறையில் நின்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

மிச்சமிருந்தது அப்பாவின் டிரைவர்கள்தான். மறுநாள் கடை மூடுகிற நேரம், அப்பா ஷட்டர் பக்கம் நின்றபோது, அவர் மெஷினின் பின்பக்கம் என் பென்டிரைவைச் செருகினேன். நகல் எடுக்க ஆரம்பிப்பதற்குள் ஒருத்தர் வந்துவிட்டார். லேப்டாப்பில் தண்ணீர் கொட்டிவிட்டதாம். அழாத குறை. அதைத் துடைத்து, கவிழ்த்து வைத்து, அவரைத் தேற்றி அனுப்பினேன். "ஏய், எல்லாத்தையும் அணை, கிளம்பு" என்றார் அப்பா. எல்லாவற்றையும் அணைத்தேன். கிளம்பினேன். பென்டிரைவ் அங்கேயே இருந்தது.

ரிப்பேர் கடை மெஷின், சுவிட்சைப் போட்டதும் முதலில் பென்டிரைவ் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். அப்படி அமைத்து வைப்பதுதான் எங்களுக்கு வசதி. காலையில் கடை திறந்ததும் அப்பா பொத்தானைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். அன்றும் போனார்.

நானும் சமத்தும் ஒன்றாகத்தான் உள்ளே நுழைந்தோம். அப்பா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒன்றுமே இல்லை. சுத்தமான நீலம், மூலையில் ஒரு குப்பைத்தொட்டி. வானிலை இல்லை. அந்த வானிலை இல்லாததைப் பார்த்ததுமே இது யார் வேலை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"எல்லாம் போச்சு" என்றார் அப்பா. "மொத்த ஃபோல்டரும் போச்சு."

பின்பக்கம் கையை விட்டு பென்டிரைவைப் பிடுங்கினார். கடையில் விற்கிற அதே கறுப்பு வகை, அவளுடையதும் அதே வகைதான். அவளுடையது கயிறோடு துப்பட்டாவுக்குள் இருந்தது அவருக்குத் தெரியாது.

"இது உன்னோடதாம்மா?"

அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அவளுக்குப் புரிந்துவிட்டது. கழுத்துக்குக் கை போனது. போன கை அப்படியே கீழே இறங்கியது. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நான் காத்திருந்தேன். ஒளித்து என்ன, ஆசையோடு காத்திருந்தேன். இதோ அப்பா எழுந்திருப்பார், இதோ கூரை பறக்கும், அந்த நாற்காலி வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

அப்பா நெற்றியைத் தேய்த்தார். "பரவாயில்லம்மா" என்றார். "தெரியாம நடந்தது. போகட்டும். நீ மனசுல வச்சுக்காதே. உட்காரும்மா."

பரவாயில்லையா?

ஒருதடவை நான் ஒரு ஸ்குரூவைத் தொலைத்ததற்கு சாயங்காலம் வரை திட்டியவர் இவர். ஒரு ஸ்குரூ! இவள் இவருடைய ஆயுசு முழுக்கச் சேர்த்ததை அழித்திருக்கிறாள், அதாவது அப்படித்தான் அவர் நினைக்கிறார், அதற்கு "பரவாயில்லம்மா". அந்த சபாஷ்தான் எனக்கில்லை என்றால், இந்தப் பரவாயில்லையும் எனக்கில்லையா? இது நியாயமாக எனக்கு வர வேண்டியது. அழித்தது நான்!

"அது அவளோடது இல்ல" என்று கத்தினேன். "அவளோடது அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்கும். இது ஒண்ணும் கேக்காது. இது நான் பண்ணது!"

சத்தியமாக, சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் அந்தப் பரவாயில்லைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"அறிவிருக்கா உனக்கு?"

அங்கே ஆரம்பித்தது. அறிவு, மூளை, கண், கை, பொறுப்பு என்று தலையிலிருந்து கால்வரை ஒன்றையும் விடவில்லை. சின்ன வயதில் ரேடியோவைக் கழற்றிப்போட்டது வந்தது. கடை சாவியைத் தொலைத்தது வந்தது. "கேள்வி கேக்கறதை எடுத்தாளாம், கேள்வி! கழுதை, அது உன்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான் வச்சிருக்கான்!" எதிர்க்கடை செருப்பு வியாபாரி வெளியே வந்து நின்று பார்த்துவிட்டு, "பெரியவளுக்குத்தானா திட்டு? சரி சரி" என்று உள்ளே போய்விட்டார்.

அப்பா மூச்சு வாங்கத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"உங்களுக்கென்ன அண்ணி."

திரும்பிப் பார்த்தேன். சமத்தின் கண் கலங்கியிருந்தது. எனக்காகத்தான் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா நீங்க? இன்னிக்காவது என்னை ஒரு வார்த்தை திட்டுவார்னு நின்னேன். வந்து இவ்வளவு நாளாச்சு, இன்னும் அம்மா அம்மான்னு விருந்தாளிகிட்ட பேசற மாதிரியே பேசறார். நாற்காலி போடறார், ஃபேனைத் திருப்பறார். உங்களை எப்படித் திட்டறார் பாருங்க. உரிமையா."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு இறுகி, மூக்கு விடைத்து, கண் அப்பாவின் மேலேயே இருந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நாளாக எங்கள் வீட்டுக் கண்ணாடியில் தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவள் கழுத்துக் கயிறு என் கண்ணில் பட்டது.

"ஏய், டிரைவரெல்லாம் உன்கிட்ட இருக்குல்ல?"

"இருக்கு" என்றாள். கயிற்றைக் கழற்றி மேசைக்கடியில் என் கையில் திணித்தாள். "நீங்களே குடுங்க அண்ணி. நான் குடுத்தா மறுபடி சபாஷ்மாம்பார்."

கையில் சூடாக இருந்தது அந்தப் பென்டிரைவ். இதை நீட்டி, "நான் நகல் எடுத்து வச்சிருந்தேன் அப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறந்ததிலிருந்து நான் கேட்காத அந்த சபாஷ் இன்றைக்கே வந்துவிடும். அவளும் மறுக்க மாட்டாள்.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பக்கத்தில் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பா" என்றேன். "டிரைவர் மொத்தமும் இதுல இருக்கு. உங்க மருமக வச்சிருந்தா. இவ்வளவு நேரமும் கழுத்துல மாட்டிக்கிட்டு, வாயைத் திறக்காம வேடிக்கை பார்த்துட்டு நின்னா."

அப்பா பென்டிரைவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை டொக்கென்று மேசையில் வைத்தார்.

"ஏண்டி! கழுத்துல வச்சுக்கிட்டா நின்னே? நான் இங்க உயிர் போற மாதிரி உக்காந்திருக்கேன், வாயில என்ன பூட்டா போட்டிருந்தே? இவதான் கழுதைன்னா நீ அதுக்கு மேல இருக்கே!"

சமத்து தலையை இன்னும் கீழே குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அப்பா நினைத்தாரோ என்னவோ, குரலைக் கொஞ்சம் தணித்தார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது.

நான் என் ஸ்டூலில் போய் உட்கார்ந்து அவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் திட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. இனிமேல் இந்தக் கடையில் திட்டும் எனக்குப் பாதிதான்.