ஜன்னலைச் சுற்றி விறகு

கட்டிய மனைவியைக் குளியலறைக்குள் வைத்து விறகால் அடைத்த ஆள் உலகத்தில் வேறு யாராவது உண்டா, தெரியவில்லை. கண்டக்டரின் மகன் அடைத்தான். பட்டப்பகலில், சொந்தக் கொல்லையில், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அடைத்தான்.

கண்டக்டர் வேலையை விட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். ஒருநாள் மாடிப்படியில் விழுந்தார். அன்றோடு இடுப்புக்குக் கீழே உடம்பு அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கைகள் மட்டும், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பழகிய கைகள், அப்படியே இருந்தன. மகன் பின்னறையில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தான். ஜன்னலுக்கு வெளியே கொல்லை, தாழ்ந்த மதில், மதிலுக்கு அப்பால் பின்தெரு, அதன் முனையில் பஸ் திரும்புகிற வளைவு. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அவருடைய உத்தியோகம் அந்த வளைவுதான். எந்த பஸ் லேட், எந்த டிரைவர் பிரேக்கை மிதிக்காமல் ஒடிக்கிறான், எவன் படிக்கட்டில் தொங்குகிறான் என்று ஒன்றையும் விடமாட்டார். கட்டிலில் இருந்தபடியே எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

மகனுக்கு ரொட்டி சுடும் தொழில். அடுப்பு கொல்லையில். கொல்லை என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். ஒரு மூலையில் அடுப்பு, எதிர்மூலையில் குளியலறை, நடுவில் தண்ணீர்க் குழாய், தலைக்கு மேலே துணிக்கொடி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் விறகு சேர்க்கிறேன் பேர்வழி என்று மகன் ஒரு லாரி நிறைய வாங்கிவிட்டான். கொல்லையை அளந்து பார்த்துத்தான் வாங்கினேன் என்று சாதித்தான். அளந்தது உண்மைதான். குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும் என்பதை மட்டும் அளக்கவில்லை.

லாரிக்காரன் வாசலில் கொட்டிவிட்டுப் போய்விட்டான். பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் குவியலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மகன் அவசர அவசரமாக விறகை அள்ளிவந்து, கைக்கு எட்டிய இடத்தில் அடுக்க ஆரம்பித்தான்.

"டேய், குளியலறைக் கதவைப் பார்ரா!" என்று கண்டக்டர் ஜன்னலிலிருந்து கத்தினார்.

"நீங்க சும்மா படுங்கப்பா. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டான். மார்பளவுக்கு விறகு எழும்பியபோது உள்ளேயிருந்து வாளியைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஏங்க! வெளியில என்னதான் பண்றீங்க? கதவு நகரமாட்டேங்குது!"

விறகை எல்லாம் பிரித்துப் போட்டபிறகுதான் மருமகள் வெளியே வந்தாள். ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, விறகையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்துவாள் என்று கண்டக்டர் ஆவலோடு காத்திருந்தார். அவள் கத்தவில்லை.

"நீங்க தூக்கிட்டு வந்து போடுங்க. அடுக்கறது நான்," என்றாள்.

உள்ளே போய், தையல் மெஷின்மேல் கிடந்த டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் தையல்காரி. துணி போதாது என்று மற்ற கடைகளில் கையை விரித்துவிட்டால் எல்லோரும் இவளிடம்தான் வருவார்கள். அவளுக்கும் மாமனாருக்கும் பேச்சு குறைவு. "மாமா, சாப்பாடு" என்பாள், "ம்" என்பார். சண்டை ஒன்றும் கிடையாது. இருவருக்கும் நடுவில் பேச ஒரு விஷயம் அமையவில்லை, அவ்வளவுதான்.

முதல் காரியமாகக் குளியலறைக் கதவை முழுசாகத் திறந்தாள். கதவு போகிற வழியெல்லாம் தையல் சாக்கட்டியால் தரையில் ஒரு வளைகோடு போட்டாள். பிறகு அடுப்பு வாய்க்கு முன்னால் குனிந்து, ரொட்டி எடுக்கும் நீளத் துடுப்பைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்து, முழங்கை எதுவரை வருகிறது என்று இன்னொரு கோடு போட்டாள். கோடுகளுக்கு உள்ளே ஒரு சுள்ளிகூட வரக்கூடாது. மிஞ்சியது ஜன்னல் இருந்த சுவர் ஒன்றுதான்.

கண்டக்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் செங்கற்களை வரிசையாக வைத்து, மேலே பழைய பலகைகளைப் போட்டாள். விறகு தரையில் படவில்லை. சுவரை ஒட்டியும் வைக்கவில்லை, காற்றுப் போக ஒரு சாண் விட்டாள். ஒவ்வொரு கட்டையையும் கையில் திருப்பிப் பார்த்து, எந்தப் பள்ளத்தில் எந்த மேடு உட்காரும் என்று பார்த்து வைத்தாள். பருத்தது கீழே, மெலிந்தது மேலே, பட்டை வானத்தைப் பார்க்க. வரிசையின் கோடியில் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி அடுக்கி ஒரு தூண் எழுப்பினாள். தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

அட, என்று கண்டக்டர் தன்னை மறந்து சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை, இல்லாத இடத்தில் ஆளை ஏற்றுவது. குண்டானவரை எங்கே நிறுத்துவது, மூட்டைக்காரனை எந்த மூலைக்கு அனுப்புவது, யாரைத் திருப்பி நிற்கச் சொன்னால் இன்னும் இரண்டு பேர் ஏறலாம் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பஸ்ஸில் அவர் தொண்டை கிழியக் கத்தினால்தான் கூட்டம் நகரும். இவள் வாயே திறக்காமல் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் உட்காரவைக்கிறாள். இத்தனை நாள் இவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு, இந்தக் கையை ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

விறகு ஜன்னல் விளிம்பைத் தொட்டது. வாசலில் இன்னும் குவியல் பாக்கி இருந்தது. தூறல் வேறு ஆரம்பித்தது.

மகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "பேசாம ஜன்னலை மறைச்சு அடுக்கிடு. மழைக்காலம் முடியறவரைக்கும்தானே? அப்பாவுக்கு ஒரு டிவி வாங்கி வச்சிடலாம்."

மெதுவாகச் சொல்வதாக அவனுக்கு நினைப்பு. ஜன்னலுக்கு உள்ளே ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்டக்டரால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குச் சோறு போடுகிற அடுப்பு அது. ஒரு கிழவன் பஸ் பார்ப்பதற்காக விறகு நனைய வேண்டுமா? அவர் எதிர்ச்சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். வலப்பக்கம் கட்டை மேல் கட்டை விழும் சத்தம் கேட்டது. மூடிய இமைக்கு மேல் வெளிச்சம் குறைவது தெரிந்தது. பிறகு இடப்பக்கமும் சத்தம். அந்த வளைவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துத் திரும்பியது. இனிமேல் சத்தம்தான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தார்.

ஜன்னல் அப்படியே இருந்தது. இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு விறகுத் தூண்கள். தூண்களின் தலையில் ஒரு கனத்த பலகை. பலகைக்கு மேல் மெல்லிய கட்டைகள், அதற்கும் மேலே தகரம். சட்டம் போட்ட படம் மாதிரி நடுவில் மதிலும் பின்தெருவும் வளைவும் தெரிந்தன. ஓரத்தில்தான் கொஞ்சம் வெளிச்சம் குறைந்திருந்தது.

"அப்போ மிச்சத்தை எங்கே வைக்கிறதாம்?" என்று மகன் கேட்பது கேட்டது.

அவள் நேராக மாமனார் அறைக்குள் வந்தாள். தரையில் உட்கார்ந்து, குனிந்து, கட்டிலுக்கு அடியில் டேப்பை நீட்டினாள். அங்கே கிடந்த ஒரு தகரப் பெட்டியைப் பக்குவமாக ஓரம் தள்ளினாள்.

"மாமா, உங்ககிட்ட இடம் கேக்க வந்திருக்கேன்."

"எங்கிட்டயா?"

"நல்லா காஞ்ச கட்டையா, பட்டை உரிச்சு, பூச்சி இல்லாம பாத்துத்தான் வைப்பேன். விடியக்காலைல அடுப்பு மூட்ட இதுதான் வேணும். நான் ஜன்னல்கிட்ட வந்து நிப்பேன். நீங்க எடுத்துக் கம்பி வழியா குடுக்கணும். முடியுமா மாமா?"

விழுந்த நாளிலிருந்து எல்லோரும் அவரிடம் வேணுமா, வேணுமா என்றுதான் கேட்டார்கள். முடியுமா என்று யாரும் கேட்டதில்லை. கண்டக்டர் கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். ஒரு கையைக் கீழே விட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தார். எட்டியது.

"உள்ள நிறைய இடம் இருக்கும்மா," என்றார். "ஏத்து. அந்தக் குட்டைக் கட்டையை எல்லாம் கால்மாட்டுக்கு அனுப்பு. நீளமானது இந்தப் பக்கம் வரட்டும். தள்ளு, தள்ளு, இன்னும் உள்ள போகும்!"

அவள் சிரித்துவிட்டாள். இருவரும் சேர்ந்து அடுக்கினார்கள். கடைசிக் கட்டை உள்ளே போனபோது வெளியே மழை கொட்டத் தொடங்கியிருந்தது. மகன் வாசலில் நின்று, குவியல் இருந்த இடத்தை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் விடியும் நேரத்தில் ஜன்னல் கம்பியில் லேசாகத் தட்டும் சத்தம். கண்டக்டர் அதற்கு முன்பே சொம்புத் தண்ணீரில் முகம் துடைத்து, தலைவாரி, உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நாலு குடுங்க. முதல்ல சின்னதா."

குனிந்து ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். இதைவிட மெலிந்தது உள்ளே இருக்கிறது என்று தோன்றவே, அதை வைத்துவிட்டு இன்னொன்றைத் தேடி எடுத்து நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்து, "இதுதான் சரி," என்றாள். அடுத்ததற்காக அவர் குனிந்தபோது, வளைவில் முதல் பஸ் ஹாரன் அடித்துத் திரும்பியது. லேட்டா, சரியான நேரமா என்று அவர் பார்க்கவில்லை. கையில் வேலை இருந்தது.