மூன்று மடங்கு மேடு

என் தம்பிக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. உப்புப் போடச் சொன்னாலும் அப்படித்தான், மேப் போடச் சொன்னாலும் அப்படித்தான்.

மேட்டுத் தெருவின் உச்சியில் என் தையல் கடைக்கு மறுநாள் திறப்பு. அங்கே வண்டி போகாது, நடந்துதான் ஏற வேண்டும். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிளட்ச் மிதித்தே தேய்ந்த முட்டிக்கு ஆப்பரேஷன் ஆகி, இப்போதுதான் வெளியே நடமாடுகிறார். "என்னால ஏற முடியாதும்மா" என்று இழுத்துக்கொண்டிருந்தார். அவர் இல்லாமல் கடை திறப்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

"ஏறுறது எவ்வளவு லேசுன்னு நான் காட்டுறேன்" என்று தம்பி லேப்டாப்பைத் திறந்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் இலவசமாகக் கிடக்கிற, எந்த இடம் எவ்வளவு மேடு என்ற உயரக் கணக்கை இறக்கி, அதன்மேல் தெருக்களைப் போர்த்தி, பிரவுசரிலேயே எங்கள் ஊரை எழுப்பியிருந்தான். விரலால் இழுத்தால் ஊரே திரும்பியது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மேட்டுத் தெரு சுவர் மாதிரி நின்றது.

"இதுல பல்லியே வழுக்கி விழுந்துடும். நான் வரலை."

"டேய், என்னடா பண்ணி வச்சிருக்க?" என்று கத்தினேன்.

தம்பி தலையைச் சொறிந்தான். "உள்ளபடி போட்டா ஊரு பாய் விரிச்ச மாதிரி தட்டையா இருந்துச்சுக்கா. எடுப்பா இருக்கட்டும்னு உயரத்தை மட்டும் மூணு மடங்காக்கினேன். மேப் பண்றவங்க எல்லாரும் செய்றதுதான். திருப்பி வைக்க மறந்துட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது. அவசரமாக உயரத்தை ஒரு மடங்காகக் குறைத்தான். அப்பாவின் கண்ணெதிரிலேயே மேடு பொசுக்கென்று அமுங்கியது. அதுவே வினையாகிப் போனது.

"எனக்காக மலையைக் குறைக்கிறியா? யார் காதுல பூ சுத்துற?" என்று அப்பா எழுந்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மறுபடி மூணாக்குடா" என்று லேப்டாப்பைப் பிடுங்கினேன். எங்கள் வீட்டைத் தேடிப் பிடித்து, அப்பா தினமும் பேப்பர் வாங்கப் போகும் முக்குக் கடை வரைக்கும் காட்டினேன். அந்த வழியும் மேட்டுத் தெருவுக்குச் சளைக்காமல் செங்குத்தாக நின்றது.

"இது நம்ம தெருப்பா. காலையில இதுலதானே போயிட்டு வந்தீங்க?"

அப்பா குனிந்து உற்றுப் பார்த்தார். "இந்த மலையையா நான் தினம் ஏறுறேன்?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

மறுநாள் என் தோளைப் பிடித்தபடி, நடுநடுவே நின்று மூச்சு வாங்கி, வந்தே விட்டார். கதவை அவர் கையால்தான் திறந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு தம்பியை ஓரமாகக் கூப்பிட்டார். "அந்த மேப்பை என் போன்ல போட்டுக் கொடு."

"எத்தனை மடங்குப்பா?"

"மூணுதான். ஒண்ணை வச்சு நான் என்ன பண்ண?"

சாயங்காலம் வரை கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் போனை நீட்டிக்கொண்டிருந்தார்: "பாருங்க, என் பொண்ணு கடைக்கு இதுல ஏறித்தான் வந்தேன்."