பூட்டியவர் வரட்டும்

குளித்துக்கொண்டிருக்கும்போதே ஷவரில் வெந்நீர் நின்று பச்சைத் தண்ணீர் கொட்டியது. சுவரில் இருந்த, தண்ணீரைச் சூடாக்கும் ஷவர் பெட்டியிலிருந்து கருகல் வாடை வந்தது. வேறொருத்தியாக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பாள். நான் தலை நிறைய நுரையோடு நடுங்கிக்கொண்டே சந்தோஷப்பட்டேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

அவர் எலெக்ட்ரீஷியன். அவரும் என் தம்பியும் சேர்ந்துதான் வெளிவேலைகளை எடுத்துச் செய்துவந்தார்கள். சில மாதங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் ஒயர் இழுத்துவிட்டு, ஒரு ஒயர்ப் பெட்டியை மூடாமலே வீட்டுக்கு வந்துவிட்டார். தம்பி கேட்டதற்கு, அந்த அலுவலகத்துக்கே தான் போகவில்லை என்று சாதித்தார். அத்தோடு தம்பி அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். டாக்டரிடம் போனோம். அவர் ஏதோ படம் வரையச் சொன்னார், என்ன கிழமை என்று கேட்டார், வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார். ஒரு ஒயரைக் கையில் கொடுத்துப் பார்த்தாரா அந்த மனுஷன்? இல்லை. அந்தப் பெயரை நான் வீட்டுக்குள் சேர்க்கவே இல்லை.

ஆனால் காலையில் அவர் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தம்பியின் வண்டி வருகிறதா என்று ஜன்னலில் நின்று பார்ப்பதை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. இன்றைக்கு லீவு என்று சொல்வேன். சரி என்று சட்டையைக் கழற்றி மடித்து வைப்பார். மறுநாள் மறுபடியும் மாட்டுவார்.

ஷவர் போனதும் தம்பிக்கு போன் செய்தேன். தானே வந்து மாற்றித் தருகிறேன் என்றான். வேண்டாம், மாமா மாற்றுவார், நீ வந்து சும்மா உட்கார்ந்து பார் என்றேன். அவர் தனியாக ஒழுங்காக மாட்டிவிட்டால் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், வாய் திறந்து ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கக் கூடாது என்றேன். அவன் இழுத்தான். நான் அழுதேன். எனக்கு அழுகையும் வரும், தேவைப்பட்டால் வரவழைக்கவும் தெரியும். அன்று தானாகவே வந்தது. ஒப்புக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் புது ஷவரோடு வந்தான். அவர் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படித்தார். பிறகு பழைய ஷவரின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"இது பழசைவிட பெருசு மாப்ள. இந்தச் செவுத்துக்குள்ள போற ஒயர் இவ்வளவு இழுவை தாங்காது. உள்ளயே வெந்துடும். பழசு எவ்வளவோ அதே வாங்கிட்டு வா."

தம்பி தெரியாமல் வாங்கினானா, சோதிக்க வாங்கினானா என்று நான் கேட்கவில்லை. அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனான். எனக்கு அங்கேயே பாதி உயிர் வந்துவிட்டது.

சரியானது வந்ததும் நடையில் இருந்த கரண்ட் போர்டைத் திறந்தார். ஷவருக்குக் கரண்ட் விடும் பிரேக்கர் சுவிட்சைக் கீழே தள்ளினார். அதன்மேல் தன் சிவப்புப் பூட்டை மாட்டிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இந்தப் பூட்டினால்தான் வேலையிடத்தில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். இளவயதில் ஒருமுறை அவர் உள்ளே ஒயரைப் பிடித்திருக்கும்போது வெளியே எவனோ தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டான். பிழைத்தது மறுபிறவி. அன்றிலிருந்து, யார் பூட்டினாரோ அவர்தான் திறக்க வேண்டும், முதலாளியே வந்து நின்றாலும் சாவி கை மாறாது. கல்யாணமான புதிதில் மிக்ஸியை ரிப்பேர் பார்க்கக்கூட போர்டைப் பூட்டுவார். நான் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன்.

டெஸ்டரை முதலில் நடையில் கரண்ட் இருக்கும் பிளக்கில் வைத்துப் பார்த்தார். எரிந்தது. பிறகு ஷவரின் மூடியைக் கழற்றி, உள்ளே ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. திரும்ப நடைக்கு வந்து அதே பிளக்கில் வைத்தார். எரிந்தது. நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் செத்த டெஸ்டரை நம்பி நாமும் சாக வேண்டியதுதான் என்பார். தம்பி குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் டார்ச் பிடித்தேன்.

தண்ணீரை அடைத்துப் பழையதைக் கழற்றினார். ஒரு ஒயரின் நுனி கரிக்கட்டையாக இருந்தது. எவனோ ஸ்க்ரூவை அரைகுறையாக முறுக்கியிருக்கிறான் என்று முணுமுணுத்தார். இந்த வீட்டுக்கு நாங்கள் வருவதற்கு முன்பு மாட்டியது அது. கருகியதை வெட்டி, செம்பு பளிச்சென்று தெரியும்வரை சீவினார். புதுப் பெட்டியைச் சுவரில் பொருத்தினார். பிறகு, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

தம்பி ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டான். எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

"டார்ச்ச இங்க காட்டு," என்றார். "உன் தம்பி மூஞ்சிய நான் நெறைய பாத்தாச்சு."

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். நான் வெளிச்சத்தை அவர் கைக்குத் திருப்பினேன். அவர் எர்த் ஒயரை முதலில் மாட்டினார், பிறகு மற்ற இரண்டையும். இறுக்கமாக முறுக்கி, ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். எர்த் ஒழுங்காகப் போகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். மூடியைப் போட்டுவிட்டு, கரண்ட் இல்லாமலே தண்ணீரைத் திறந்து காற்றெல்லாம் போகும்வரை ஓடவிட்டார். உள்ளே தண்ணீர் நிறையாமல் சூடேற்றினால் முதல் நாளே புகைந்துவிடுமாம்.

"மாமா, நாளைக்குக் காலைல ரெடியா இருங்க," என்றான் தம்பி. "வண்டி எடுத்துட்டு வரேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் காது வரை சிவந்துவிட்டார். நான் அடுக்களைக்கு ஓடி டீ போட்டேன். கொதிக்கிற சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் அழுதேன். மூன்று பேரும் உட்கார்ந்து குடித்தோம். தம்பி நாளைய வேலையைப் பற்றிச் சொன்னான், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

கரண்ட் போடலாம் வாங்க என்று தம்பி எழுந்தான். மூவரும் நடைக்குப் போனோம். அவர் போர்டைத் திறந்தார். பூட்டைப் பார்த்தார்.

"யாரு வேலை பாக்கறாங்க?"

நாங்கள் இருவரும் சிரித்தோம். விளையாடுகிறார் என்று நினைத்தோம். அவர் சிரிக்கவில்லை.

"நீங்கதான் மாமா," என்றான் தம்பி. "வேலை முடிஞ்சிருச்சு. சாவி உங்க பையில இருக்கு."

அவர் பையைத் தொட்டுப் பார்த்துச் சாவியை எடுத்தார். சாவியையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தான் எதையும் பூட்டவில்லை என்றார். யாரோ தன்னிடம் சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள், அது தப்பு என்றார். தம்பி மெதுவாகக் கையை நீட்டினான். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். எங்கள் கல்யாணத்தில் மைத்துனன் என்று அவருக்கு மோதிரம் போட்டுவிட்ட கை அது. அதுவரை அவர் அவனை ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

"உள்ள ஒரு உசுரு இருக்கு மாப்ள. வெளையாடாத."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நீங்கதாங்க பூட்டுனீங்க, இப்பத்தானே, என் கண் முன்னாடி, என்று கத்தினேன். டார்ச் பிடித்ததைச் சொன்னேன், டீ டம்ளரைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் முகத்தில் ஒரு பயம் வந்தது. என்னைப் பார்த்து அவர் பயந்து நான் பார்த்ததில்லை. போர்டை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

தம்பி தரையைப் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, வரேன்க்கா என்றான். நாளைக்கு என்று நான் ஆரம்பித்தேன். அவன் என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

"இந்தா," என்றார் அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குளிக்கற ரூம்ல யாருன்னு பாத்துட்டு வா. அவசரப்படுத்தாத. கை ஒயர்ல இருக்கும்."

போனேன். புது ஷவர் வெள்ளையாகப் பளபளத்தது. மூடி ஒரு மயிரிழை கோணவில்லை. கீழே விழுந்த செம்புத் துணுக்குகளைக்கூடப் பொறுக்கி சோப்புப் பெட்டியின் ஓரத்தில் குவித்து வைத்திருந்தார். பக்கத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி. எவ்வளவு அழகான வேலை. அந்த டாக்டர் சொன்ன பெயர் அப்போதுதான் எனக்கு முழுதாக ஞாபகம் வந்தது. கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்தேன். வேலை பார்த்தவர் இனி வரமாட்டார் என்பதை அவரிடமே எப்படிச் சொல்வது? கண்ணாடியோடு வெளியே வந்தேன்.

"யாரு?"

"நம்ம ஆளுதாங்க," என்றேன். "இன்னும் முடியல."

அவர் முகம் தெளிந்தது. "நல்ல வேளை, கேட்டேன். முடிச்சிட்டு அவனே வந்து தெறக்கட்டும். அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

கண்ணாடியை மாட்டிவிட்டேன். கால் வலிக்குமே என்று ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். அவர் உட்காரவில்லை.