மருந்து ஏற்றிய குழிகள்

2025 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள், அரியலூருக்குக் கிழக்கே உள்ள ஒரு தனியார் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எழுபத்திரண்டு குழிகளில் வெடிமருந்து நிரப்பப்பட்டிருந்தது.

உதவி மேலாளர் சுகன்யா சுரங்க அலுவலகத்துக்கு வந்து, கம்பெனி கொடுத்த லேப்டாப்பை வைஃபையில் இணைத்தாள். வெடிப்புத் திட்டம் போடும் மென்பொருளைத் திறக்கப் போனபோது அதன் படம் திரையிலிருந்து மறைந்தது. ஊழியர்களுக்கு ஒதுக்கப்பட்ட மென்பொருட்கள் வரிசையாக நிற்கும் பக்கத்துக்குப் போனாள். அங்கே ஒரே ஒரு வரிதான் இருந்தது. உங்களுக்கு ஒதுக்கப்பட்ட மென்பொருள் எதுவும் இல்லை.

காலையில் அது இருந்தது. வாலிகண்டபுரத்திலிருந்து பஸ் மாறி வந்து இறங்கியதும் அவள் முதலில் பார்த்தது அதைத்தான். அப்போது இணையம் இணைக்கப்படவில்லை. மருந்து வண்டி வாசலில் காத்திருந்ததால் லேப்டாப்பை மூடிவிட்டுக் குழிகளுக்குப் போய்விட்டாள்.

எந்தக் குழி முதலில் வெடிக்க வேண்டும், அடுத்தது எத்தனை மில்லி நொடி கழித்து என்பது லேப்டாப்பில் திட்டமாகப் போடப்படும். அங்கிருந்து கையடக்கமான வெடிப்புக் கருவிக்கு மாற்றினால், கருவி அந்த வரிசையில் குழிகளை வெடிக்கும். கல் எந்தப் பக்கம் சரியும் என்பதை முடிவு செய்வது அந்த வரிசைதான். இந்த முறை குழிகளுக்கு வடக்கே தார் ரோடும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவும் இருந்தன. மருந்து ஏற்றிய குழிகளை இருட்டுவதற்குள் வெடித்துவிட வேண்டும். ரோட்டின் இரு முனைகளிலும் சிவப்புக் கொடியுடன் ஆட்கள் நின்று வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள்.

அவள் பெரம்பலூர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். சுரங்கத்தின் கணினிகளை எல்லாம் அங்கிருந்து பார்த்துக்கொள்பவன் முத்தமிழ். அவளுடைய கணினியின் எண்ணைக் கேட்டு வாங்கி, தன் திரையில் தேடினான்.

"மேடம், பாதுகாப்பு அப்டேட் ஒண்ணு ஒண்ணாந்தேதிக்குள்ள ஏறணும்னு மெயில் போட்டிருந்தோமே. உங்க மெஷின்ல ஏறல. கெடு தாண்டுனா சர்வர் தானாவே எல்லா அப்ளிகேஷனையும் புடுங்கிக்கும்."

"ஒண்ணாந்தேதி ஆயுத பூஜைங்க. லேப்டாப்ப சாமி முன்னால வெச்சிருந்தோம்."

"நாங்களும்தான் வெச்சோம். சர்வருக்கே பொட்டு வெச்சோம். ஆனா ஆஃப் பண்ணல."

அவன் வேண்டுமென்று குத்தவில்லை. ஆனால் விஷயம் அதுதான். இந்தச் சுரங்கத்தில் ஆயுத பூஜையைச் சுரங்க மேலாளர் அன்பழகன் தன் பொறுப்பில் எடுத்துச் செய்வார். டிப்பர், டிரில்லிங் வண்டி, லேப்டாப், வெடிப்புக் கருவி எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, சாமி படத்தின் முன் வரிசையாக நிற்க வேண்டும். பூஜை முடிந்த ஆயுதத்தை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. இந்த ஆண்டு மறுநாளும் விடுமுறை. வழக்கமாக வெடிப்புக்கு முந்தைய மாலையே திட்டத்தைக் கருவிக்கு மாற்றிவிடுவார்கள். இந்த முறை முந்தைய மாலையில் லேப்டாப்பும் கருவியும் பூட்டிய அறையில் ஊதுபத்திச் சாம்பலுக்குப் பக்கத்தில் கிடந்தன. செவ்வாய்க்கிழமையே மாற்றியிருக்கலாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சுகன்யா விட்டுவிட்டாள்.

அப்டேட் ஏறாமலே ஒரு நாளைக்கு விலக்குக் கொடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, ஆனால் சென்னையில் ஒருவர் அனுமதிக்க வேண்டும் என்றான் முத்தமிழ். விடுமுறையோடு வெள்ளிக்கிழமையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போயிருந்தார். முத்தமிழ் திரும்பத் திரும்ப அழைத்தும் அவர் போனை எடுக்கவில்லை. அப்டேட்டை இறக்குவது ஒன்றுதான் வழி. சுரங்கத்து இணையம் மெதுவானது. திரையில் பச்சைக் கோடு ஒன்று தோன்றி, தோன்றிய இடத்திலேயே நின்றது.

அன்பழகன் உள்ளே வந்தார். நடந்ததைக் கேட்டார். ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தார். கரும்பு லோடு மாதிரி மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

"கருவியில போன வாரத்துத் திட்டம் இருக்குமில்ல. அதுவும் எழுபத்தி ரெண்டு குழிதான. அத வெச்சே அடிச்சுடும்மா."

"அது தெக்க பாத்த பாறை முகப்பு சார். இது வடக்க பாக்குது. அந்த வரிசையில அடிச்சா கல்லு ரோட்டத் தாண்டித் தெருவுக்குப் போயிடும்."

"போகும்னு உனக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் சொல்லுச்சா?"

"நான் போட்ட திட்டம் சார். எனக்குத் தெரியும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபத்தி நாலு வருசம் இதே வேலையைத் திரி பற்றவைத்துச் செய்ததாகவும், அப்போது எந்த சர்வரையும் கேட்கவில்லை என்றும் சொன்னார். இருட்டுவதற்குள் வெடிக்காவிட்டால் ராத்திரி முழுக்க யார் காவல் நிற்பது, மின்னல் இறங்கினால் யார் பதில் சொல்வது என்றும் கேட்டார். கடைசிக் கேள்வி நியாயமானதுதான். டெட்டனேட்டர் என்னும் மின்சார வெடிமுனை வைத்த குழிகள் மின்னலில் தாமாகவே வெடிக்கக்கூடும். அப்போது எந்த வரிசையும் இருக்காது.

வெடிப்பாளர் கொளஞ்சியப்பன் நடந்தே வந்து சேர்ந்தார். மருந்து ஏற்றிய இடத்துக்குப் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் செய்தி எல்லாம் ஆள் மூலமாகத்தான் வரும். ரோட்டில் மினி பஸ் ஒன்றும் பருத்தி ஏற்றிய டிராக்டர் இரண்டும் நிற்பதாகச் சொன்னார். தெருவில் இருப்பவர்கள் வழக்கம்போல் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போயிருந்தார்கள். எவ்வளவு நேரம்தான் வெயிலில் உட்காருவது என்று அவர்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

"சோத்துப் பானைய அடுப்புலயே வுட்டுட்டு வந்துட்டோம்னு ஒரு அம்மா சண்டைக்கு வருது மேடம். என்ன சொல்லட்டும்?"

"இன்னும் யாரும் வூட்டுக்குப் போவ வேணாம்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க."

"கருவிய எடுத்தாரவா?"

சுகன்யா பதில் சொல்வதற்கு முன் அன்பழகன் எடுத்து வரச் சொன்னார். கொளஞ்சியப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. தூரத்தில் முதல் இடி கேட்டது. கொளஞ்சியப்பன் மஞ்சள் கருவியோடு திரும்பி, அதை மேஜையில் வைத்தார். அன்பழகன் அதை இயக்கிப் பழைய திட்டத்தைத் திரையில் கொண்டுவந்து, சுகன்யாவின் பக்கம் தள்ளினார். பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டிய தாளையும் அதன்மேல் வைத்தார்.

அவள் தாளைத் தொடவில்லை.

"நான் போட மாட்டேன் சார். அவசரம்னா நீங்க கையெழுத்துப் போட்டு, நீங்களே பட்டன அமுக்குங்க."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சட்டைப் பையில் பேனா இருந்தது. அதை எடுக்கவில்லை. "சின்னப் புள்ளையெல்லாம் வேலைக்கு வெச்சா இதான்" என்று கொளஞ்சியப்பனைப் பார்த்துச் சொன்னார். கொளஞ்சியப்பன் தரையைப் பார்த்தபடி நின்றார்.

மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. குழிகளைச் சுற்றிக் காவல் நின்ற எல்லோரையும் பின்வாங்கச் சொல்லி சுகன்யா ஆள் அனுப்பினாள். ரோடு மூடியபடியே இருக்க வேண்டும், ஏரிக்கரையில் இருப்பவர்களைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் கொண்டுபோக வேண்டும் என்றாள். காற்றும், அதன் பின்னே சாய்வாக மழையும் வந்தன. மின்சாரம் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது. இணையம் நின்றது. அவள் தன் போனைத் திறந்து, அதன் இணையத்தில் லேப்டாப்பை இணைத்தாள். கோடு மறுபடி நகர்ந்தது. ஒவ்வொரு முறை வானம் வெளுத்தபோதும் அறையில் இருந்த மூவரும் குழிகள் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வந்தது ஒவ்வொரு முறையும் இடியாகவே இருந்தது.

அப்டேட் முடிந்து லேப்டாப் தானாக அணைந்து மீண்டது. மென்பொருள் பக்கம் அப்போதும் காலியாக இருந்தது. முத்தமிழ் போனிலேயே இருந்தான்.

"நீங்க சரியாயிட்டீங்கன்னு சர்வருக்கு இன்னும் தெரியல மேடம். செட்டிங்ஸ்ல கீழ போங்க. ஒத்திசைன்னு ஒண்ணு இருக்கும், அத அமுக்குங்க. அமுக்கிட்டு மூடிறாதீங்க."

அமுக்கினாள். சுழலும் வட்டம் ஒன்று வந்தது. அன்பழகன் எழுந்து வாசலுக்குப் போய், மழையைப் பார்த்தபடி நின்றார். வட்டம் நின்றபோது பக்கத்தில் ஐந்து மென்பொருட்கள் வரிசையாக வந்திருந்தன. நான்காவது அவளுடையது. நிறுவு என்பதை அழுத்தினாள். அது இறங்கித் திறந்தபோது திட்டங்களின் பட்டியல் வெறுமையாக இருந்தது. பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. முதல் முறை தப்பாக அடித்தாள். இரண்டாவது முறை செவ்வாய்க்கிழமை சேமித்த திட்டம் வந்தது.

கருவியை வயரில் இணைத்துப் பழைய திட்டத்தை அழித்தாள். புதியதை மாற்றி, குழி எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். கொளஞ்சியப்பன் தன் கையில் இருந்த படத்தில் அவற்றை ஒத்துப் பார்த்துத் தலையசைத்தார். முடித்தபோது மழை விட்டிருந்தது. இடி ஜெயங்கொண்டம் பக்கம் நகர்ந்துவிட்டது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சங்கு ஊதி எச்சரிக்கை நீங்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு கொளஞ்சியப்பன் ஈரத்தில் இறங்கிப் போய், வயர்களைச் சோதித்தார். எழுபத்திரண்டும் பதில் கொடுத்தன. கையெழுத்துத் தாளில் சுகன்யா கையெழுத்திட்டாள்.

சூரியன் மறைவதற்குச் சற்று முன் குழிகள் வெடிக்கப்பட்டன. கல் ரோட்டை எட்டவில்லை. தெருவில் எந்த வீட்டிலும் ஓடு பெயரவில்லை. ரோடு திறக்கப்பட்டது.

திங்கட்கிழமை சுகன்யாவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கணினி அப்டேட்டை உரிய காலத்தில் ஏற்றாதது, வெடிப்பைத் தாமதப்படுத்தியது என்று அதில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தவர் அன்பழகன்.