மூடி திறந்த தொண்ணூறு காலைகள்

1

"பீப்! பீப்! பீப்!"

என் எழுதும் மேசை அலறியது. கையிலிருந்த காபி நோட்டில் கொட்டியது. ஒளிப்பானேன், இந்தக் கதையின் பிறப்பிடம் அந்தச் சத்தம்தான்.

கத்தியது ஒரு நோயாளியின் மாத்திரைக் குப்பி. வலிப்பு நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கும் என் தங்கை கொண்டுவந்து வைத்தது. நோயாளி ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறாரா என்று அளப்பதற்காக அதன் மூடிக்குள் ஒரு கருவி உண்டு. வேளை வந்தால் கூவும். திறந்தால் நேரத்தைக் குறித்துக்கொள்ளும்.

"தொண்ணூறு நாள், தொண்ணூறு தடவை திறந்திருக்கு. மிச்ச மாத்திரையும் சரியா இருக்கு," என்றாள்.

"நல்ல மனுஷன்."

"அதான் இடிக்குது அண்ணா. நானே சத்து மாத்திரையை வாரத்துல ரெண்டு நாள் மறக்கறேன்."

ரத்தப் பரிசோதனையில் மருந்தின் சுவடே இல்லையாம்.

2

ஆள், பள்ளி வேன் ஓட்டுநர். வலிப்பு வந்ததால் மூன்று மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்று உத்தரவு. மருந்து ஒழுங்காகப் போகிறது என்று தங்கை படிவத்தில் எழுதினால் திங்கட்கிழமை வேலை திரும்பக் கிடைக்கும். எழுதாவிட்டால் வேலை போயிற்று. பொய்யாக எழுதினால், வேனில் ஏறும் பிள்ளைகளின் கதி?

மர்மம் என்றாலே என் பேனா சம்பந்தப்பட்டவரின் மனைவி பக்கம்தான் திரும்பும். எழுதினேன்:

அவர் குளிக்கப் போனதும் அவள் சமையலறைக் கதவைச் சாத்தி, குப்பியிலிருந்த மாத்திரையை மெல்ல—

தங்கை எட்டிப் படித்தாள். "உன் கதையில எந்தப் பொண்டாட்டிதான் நல்லவளா இருந்தா? அந்த அம்மா பாவம், தினம் தண்ணி டம்ளரோட பக்கத்துலயே நிக்கறாங்களாம்."

விட்டுவிட்டேன். (வரியை மட்டும் அழிக்கவில்லை. வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு வரிகூட வீணாகக் கூடாது.)

3

அடுத்து ஆய்வுக்கூடத்தைச் சந்தேகித்தேன். பிறகு, மன்னிக்கவும், தங்கையையே. ரத்தக் குழாயில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியிருப்பாளோ?

"ரெண்டாவது தடவையும் எடுத்துப் பாத்தாச்சு," என்று முறைத்தாள்.

மிஞ்சியது ஓட்டுநர். மூடிக்குத் தெரிவது திறந்தது மட்டும். விழுங்கியது வாய்க்குத்தான் தெரியும். ஆனால் அவர் ஏன் ஏமாற்ற வேண்டும்? வேலைக்காகத் துடிக்கிறவர். அந்த வேலையைத் தரப்போவதே மருந்துதான். காரணமில்லாத பாத்திரத்தை எந்தப் பத்திரிகை ஆசிரியர் ஏற்பார்?

4

மூன்று முடிவுகள் எழுதினேன். (அ) ஆய்வுக்கூடத்தின் தவறு. (ஆ) மனைவியின் கண்ணீர் வாக்குமூலம். (இ) வேன் பாலத்தைக் கடக்கும்போது... வேண்டாம், இதை எழுதி முடிக்க எனக்குத் துணிவில்லை.

மூன்றையும் கிழித்துவிட்டேன். தங்கை ஓட்டுநரைத் தனியே அழைத்துப் பேசியதை மட்டும் அப்படியே தருகிறேன். பிறகு அவள் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் எழுதுங்கள். படிவம் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

"நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டு அப்புறமா துப்பிடறீங்களா?"

அவர் தன் பெருவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல சொல்லிடாதீங்க சிஸ்டர்."

"மூணு மாசம் லீவுதானே உங்களுக்கு? மாத்திரை போட்டுட்டு ஓய்வா இருக்கறதுக்கு என்ன?"

"லீவுல இருந்தா அடுப்பு எரியுமா சிஸ்டர்? வேற ஸ்கூல் வேனை ஓட்டிக்கிட்டுதான் இருக்கேன். மாத்திரை போட்டா ஸ்டியரிங்லயே கண்ணு சொருகுது. பின்னாடி பதினாலு பிள்ளைங்க இருக்கறப்ப நான் தூங்கலாமா?"