எட்டாவது பெயர்

"வாசி" என்றாள் கெசினா.

ஹில்கா பேனாவை மைக்கூட்டின் விளிம்பில் தட்டி வைத்துவிட்டு, எழுதிய வரைக்கும் வாசித்தாள். அம்மா பிறந்த கடலோர ஊர். கப்பலில் கழிந்த நாட்கள். அயோவாவில் முதல் குளிர்காலத்தை மண்ணைக் குடைந்து அதற்குள் கழித்தது. அப்பாவைக் கட்டியது, அப்பாவைப் புதைத்தது.

அடக்கத்தன்று சபையில் இறந்தவரின் வாழ்க்கையைப் போதகர் வாசிப்பார். வழக்கமாக அதை அவரே எழுதிக்கொள்வார். கெசினா அந்த வேலையை அவரிடம் விடவில்லை; படுத்தபடியே தானே சொல்லி மகளை எழுத வைத்தாள். மூன்று நாளாகக் கஞ்சி இறங்கவில்லை, கால் வீக்கம் இடுப்புவரை ஏறிவிட்டது. ஆனால் வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும் கண்ணைத் திறந்தாள்.

"பிள்ளைங்க பேரை விட்டுட்டியே."

"பன்னிரண்டும் எழுதியிருக்கேம்மா."

"எழுதியிருக்கேன்னு சொன்னா ஆச்சா? என் காதுல விழணும்."

ஹில்கா பிறந்த வரிசையில் வாசித்தாள். குழந்தையிலேயே போன இரண்டு பேரையும் வாசித்தாள். ஏழாவது பெயர் முடிந்ததும் ஒருமுறை அம்மாவைப் பார்த்தாள்.

"ஓக்கோ" என்றாள்.

"அதை அடிச்சிடு" என்று கதவருகிலிருந்து குரல் வந்தது. ஐலர்ட் அண்ணன். மூத்தவன், சபையின் மூப்பன். பூட்ஸில் மார்ச் மாதத்துச் சேறு. உள்ளே வராமல் நிலையிலேயே நின்றான்.

"ஏன்?" என்றாள் கெசினா.

"போதகர் வாசிக்கமாட்டாரும்மா. அப்பா அடக்கத்துலயே வாசிக்கல. திரும்ப எதுக்கு வம்பு?"

"நீ மூப்பன்தானே. போய்ச் சொல்லு."

"மூப்பன், அதனாலதான் சொல்ல முடியாது."

"அவனைக் கயித்துலேருந்து இறக்கினது நீதான், ஐலர்ட்."

ஐலர்ட் தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். பதினோரு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. பத்தொன்பது வயதில் ஓக்கோ தொழுவத்து உத்தரத்தில் தொங்கினான். தற்கொலை செய்தவனுக்குக் கோயில் மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, சோளக்காட்டை ஒட்டி, ஜெபமில்லாமல் புதைத்தார்கள். அடுத்த ஞாயிறு கெசினா வழக்கம்போல முன் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் பாடினாள். அவள் சபையின் தீர்ப்புக்குத் தலைவணங்கிவிட்டாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

"கேளு" என்றாள் கெசினா. மூச்சு வாங்கியது. "மேல போனதும் கர்த்தர் கேட்பார், உனக்கு எத்தனை பிள்ளை குடுத்தேன்னு. பதினொண்ணுன்னு சொல்லவா? அறுபத்தி எட்டு வருஷம் பொய் சொல்லாம இருந்துட்டேன். சாகப்போற நேரத்துல சொல்லச் சொல்றியா?"

ஐலர்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். அவன் போன பிறகும் நிலையில் சேறு இருந்தது.

"டீ போடு" என்றாள் கெசினா. "கற்கண்டு ரெண்டா போடு. இனிமே எனக்குப் பல் சொத்தையாகப் போறதில்ல."

ஹில்கா சிரித்துவிட்டாள். கோப்பையில் கற்கண்டைப் போட்டுக் கொதிக்கும் டீயை ஊற்றினாள். அது விரிசல் விடும் சத்தத்தை அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மேலே பாலாடை மிதந்தது. கலக்கக் கூடாது; அந்த வீட்டில் கலக்கிக் குடித்தவர் யாருமில்லை. மூன்று கரண்டி இறங்கியது. நாலாவதற்கு வாய் திறக்கவில்லை.

ஹில்கா கரண்டியை வைத்துவிட்டு, மூச்சு நின்ற அம்மாவின் கைகளை மார்பின்மேல் கோர்த்து வைத்தாள்.

பிற்பகலில் போதகர் ரைமர்ஸ் வந்தார். கெட்டவர் அல்ல. தொண்டை அடைப்பான் வந்த வருஷம் இந்த வீட்டுக்குள் பயமில்லாமல் நுழைந்து ஜெபித்தவர். காகிதத்தை ஜன்னலோரம் நின்று முழுக்க வாசித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, எட்டாவது பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"உங்கம்மா மாதிரி ஒரு விசுவாசி இந்தச் சபையில இல்ல ஹில்கா. அவங்க அடக்கத்தன்னிக்கு இந்தப் பேச்சு வேண்டாமேன்னுதான்."

"இது அவங்க பேச்சுதான் ஐயா."

"துக்கத்துல இருக்கே. நான் தப்பா எடுத்துக்கல. ஆனா சபையில பொம்பளைங்க வாய் திறக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் ஐயா. சபையில நான் வாய் திறக்கமாட்டேன்."

அவர் நிம்மதியாகத் தலையசைத்தார். காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் காலை கோயில் நிறைந்திருந்தது. வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள், நடுவே பெட்டி. ஹில்கா டோமா அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சபையில் ஒரு முறை உண்டு. பிள்ளையின் பெயரைப் போதகர் வாசித்ததும் அந்தப் பிள்ளை எழுந்து நிற்க வேண்டும்; உட்கார்ந்த பிறகுதான் அடுத்தது எழும். முந்திக்கொண்டு செத்துப்போன பிள்ளைக்காக, அதற்கடுத்துப் பிறந்தது எழுந்து நிற்கும். அப்படிப் பார்த்தால் ஓக்கோவுக்காக எழ வேண்டியவள் ஹில்கா. அவனைவிட ஒரு வயது சின்னவள். இருவரும் ஒரே தொட்டிலில் கிடந்தவர்கள்.

நாலு வருஷத்துக்கு முன் அப்பாவின் அடக்கத்தில் போதகர் ஏழிலிருந்து ஒன்பதுக்குப் போனார். ஹில்கா தன் பெயருக்கு மட்டும் எழுந்து உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகும் கேட்கவில்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூட ஆறியிருக்கும்.

போதகர் வாசிக்கத் தொடங்கினார். கடலோர ஊர், கப்பல், மண் வீடு. கெசினா சொன்ன சொற்கள் அவர் வாயில் கொஞ்சம் பெரிதாக ஒலித்தன. பிறகு பெயர்கள்.

ஐலர்ட் எழுந்தான், உட்கார்ந்தான். டோமா தனக்கும், தனக்கு முன்னால் பிறந்து போன குழந்தைக்குமாக இரண்டு முறை எழுந்தாள். வரிசை ஏழாவது பெயருக்கு வந்து நின்றது. ஹப்போ எழுந்து உட்கார்ந்தான்.

"ஹில்கா" என்றார் போதகர்.

ஹில்கா எழுந்தாள். உட்கார்ந்தாள். அவர் அடுத்த பெயருக்கு வாய் திறக்குமுன் மறுபடி எழுந்தாள்.

போதகர் நிமிர்ந்து பார்த்தார். மறந்துபோய் எழுந்துவிட்டாள் என்று எண்ணியவர்போலக் கையை லேசாகத் தாழ்த்திக் காட்டினார். அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டோமா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருடி. ஊரே பாக்குது."

துணி தையலில் இழுபட்டது. ஹில்கா அசையவில்லை.

"ரேம்ட்" என்றார் போதகர், சற்று உரக்க.

ரேம்ட் ஹில்காவுக்கு அடுத்த தம்பி. பன்றி வியாபாரி, வாயாடி. எந்த அடக்கத்திலும் பின் பெஞ்சில் யாரையாவது சிரிக்க வைத்துவிடுவான். இப்போது தலையைக் குனிந்து தன் கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரேம்ட்!"

"அக்கா இன்னும் உக்காரலையே ஐயா" என்றான் ரேம்ட்.

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் கடைசி பெஞ்சுவரை கேட்டது. யாரோ இருமினார்கள்.

போதகர் மிச்சமிருந்த இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து வாசித்தார், வேலையை முடித்துவிடும் வேகத்தில். ஒருவரும் எழவில்லை. வாசித்த பெயர்கள் அப்படியே போயின. அவர் முகம் சிவந்தது. மூப்பர்களின் பெஞ்சைப் பார்த்தார். ஒழுங்கு தவறினால் எழுந்து வந்து சரிசெய்ய வேண்டியவன் ஐலர்ட். பெண்கள் பக்கம் நடந்து வந்து தங்கையின் தோளை அழுத்தி உட்கார வைக்க அவனுக்கு அதிகாரம் உண்டு. இரண்டு பக்கமும் அவனையே பார்த்தன.

ஹில்காவும் அவன் பிடரியைப் பார்த்தாள். நரைத்த முடியின் கீழே, சட்டைக் கழுத்துப்பட்டை அழுந்திய இடத்தில் நரம்பு துடித்தது. அவன் எழுந்தால் தன்னால் எதிர்த்து நிற்க முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ஐலர்ட் எழவில்லை. முழங்கால்மேல் வைத்த கைகளை விரித்தான், மூடினான். தொண்டையைச் செருமினான்.

"ஓக்கோ" என்றான்.

போதகரின் விரல் காகிதத்தில் பென்சில் கோட்டின்மேல் நின்றது. வெளியே கட்டியிருந்த குதிரைகளில் ஒன்று சேற்றில் கால் மாற்றியது.

ஹில்கா பாவாடையைத் திரட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

யாரும் மறுபடி கூப்பிடாமலே ரேம்ட் எழுந்து நின்றான்.