முசாசாத் தளிர் நிறத்தில் நான்கு கவுன்

ஆகஸ்ட் கடைசியில், மரோண்டேரா சந்தைக்கு எதிரே தையல்கடை வைத்திருந்த மார்வேயிடம் ரொசாரியா அத்தை தன் வீட்டு முசாசா மரத்தின் தளிர் ஒன்றை நீட்டினாள். அத்தையின் அண்ணன் மகள் நெட்சாய்க்குப் பதினைந்து நாளில் கல்யாணம்.

"தோழிப் பொண்ணுங்க நாலு பேருக்கும் கவுன். இதே நிறம். இம்மி பிசகக் கூடாது."

திராட்சை ரசம்போல் சிவந்திருந்த தளிரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மார்வே ஹராரேக்குப் பஸ் ஏறினாள். துணிக்கடையில் பையைத் திறந்து பார்த்தால், தளிர் வாடிப் புகையிலைச் சருகாகியிருந்தது! பதறிப்போய், கடைவாசல் முசாசாவில் ஒரு தளிரைப் பறித்து, அதற்கு இணையாகத் துணி எடுத்தாள். அந்த மரத்துத் தளிர் செம்பு நிறம். மரத்துக்கு மரம் நிறம் மாறும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அத்தைக்குத் தெரியாமலிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு அத்தை வந்தாள், நெட்சாயோடு.

"இது என்னடி, பழைய கெண்டி நிறத்துல?"

"உங்க மரத்து நிறந்தான் அத்தை."

"வா, பாத்துடலாம்!"

மூவரும் ஒரு கவுனோடு அத்தை வீட்டு மரத்தடிக்குப் போனார்கள். பன்னிரண்டு நாளில் தளிரெல்லாம் முற்றி, மரம் முழுக்கப் பச்சை.

"என் மரத்தை என்னடி பண்ணின?" என்று அத்தை கத்த, நெட்சாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மரம் உனக்காகக் காத்திருக்குமா அத்தை? அதோ, குன்று மேல பாரு!"

மேலே, பாறையிடுக்கில் ஒரு முசாசா தாமதமாகத் தளிர்த்து, செம்பாகத் தகதகத்தது. மார்வே கவுனை எடுத்துக்கொண்டு ஓடினாள். தளிரோடு வைத்துப் பார்த்தபோது அச்சு அசல். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நாளைக்கு அதுவும் பச்சையாயிட்டா?" என்றாள் அத்தை.

"அப்ப மாப்பிள்ளைக்குப் பச்சைக் கோட்டு சூட்டு தைச்சிடலாம்," என்றாள் நெட்சாய்.

மரம் தாக்குப்பிடித்தது. கல்யாணத்தன்று போட்டோ எடுக்கக் கூட்டமே குன்றேறியது. தோழிப் பெண்கள் குதிகால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வழியெல்லாம் முழங்காலைத் திட்டிக்கொண்டே வந்த அத்தை, உச்சியில் மாப்பிள்ளை வீட்டார் வாய்பிளந்து நின்றதைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"ஒரு மாசமா தேடி இந்த மரத்தைப் புடிச்சேன். தையக்காரிகிட்ட, இதே நிறந்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்."

மார்வே வாயைத் திறந்தாள். நெட்சாய் அவள் காலை மிதித்தாள்.

"ஆமா," என்றாள் மார்வே. "நின்னாங்க."